ஏற்காடு: 1871க்குப் பிறகு தடமில்லாத எங்கள் முன்னோர்

என் பாட்டியின் தாத்தா ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர். 1868இல் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது சபைப் பதிவேட்டில் இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் மங்கிய பழுப்பு மையில் 'பிளான்டர்'. 1871இல் ஒரு திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து. அதோடு சரி.

ஏற்காடு, சேலம் கல்லறைகளில் பாசியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு கல்லாகப் படித்தேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் தேடினேன். அப்புறம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் மெட்ராஸ் மாகாண அடக்கப் பதிவுகள், என்/2 வரிசை. அதிலும் பெயர் இல்லை.

மனைவி தமிழ்க் கத்தோலிக்கர் என்று பாட்டி சொல்வார். அதனால் தாத்தாவும் கத்தோலிக்க சபையிலேயே அடக்கமாகியிருக்கலாம். சேலம் மறைமாவட்டம் 1930இல்தான் உருவானது. அதற்கு முன் புதுச்சேரியின் கீழ் இருந்தது.

1870களின் ஏற்காடு கத்தோலிக்க அடக்கப் பதிவேடுகள் இப்போது எங்கே இருக்கின்றன, சேலத்திலா புதுச்சேரியிலா?