எம்.ஆர்க் படிக்கப் போகலாமா, வேலையிலேயே இருக்கலாமா?

வரைபலகை:
ஐந்து வருட பி.ஆர்க் (கட்டிடக்கலை இளங்கலை) முடித்து, ஒரு அலுவலகத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். ஆர்க்கிடெக்டாகப் பதிவும் ஆகிவிட்டது, வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமையும் இருக்கிறது. ஆனாலும் எம்.ஆர்க் (கட்டிடக்கலை முதுகலை) போகலாமா என்று ஆறு மாதமாக மண்டையைக் குடைகிறது. படித்தவர்கள், வேண்டாம் என்று விட்டவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

செங்கல்சூளை:
வேண்டாம் என்பேன். ஜப்பானியக் கட்டிடக் கலைஞர் ததாவோ ஆண்டோ ஆர்க்கிடெக்சர் பட்டம் வாங்கியவர் இல்லை. குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், தானாகப் படித்து, ஊர் ஊராகப் போய்க் கட்டிடங்களைப் பார்த்து, 1995இல் கட்டிடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வரைக்கும் போனார். நான் பட்டம் வாங்கி முதல் சைட்டில் நின்ற அன்று, நான் வரைந்த சன்ஷேடைப் பார்த்துவிட்டு கொத்தனார் "அடியில் காடி எங்கே சார்?" என்றார். எனக்குப் புரியவே இல்லை. விளிம்புக்குச் சற்று உள்ளே, அடிப்பக்கம் நெடுக ஒரு சின்னக் காடி விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், விடாவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்து கறையாக இறங்கும். ஐந்து வருடம் ஜூரி (வரைபடங்களை மதிப்பிடும் குழு) முன்னால் நின்றவனுக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. இன்னும் இரண்டு வருடம் நின்றால் மட்டும் வந்துவிடுமா?

நிழல்கோடு:
ஆண்டோ ஒருவர்தான். வக்கீலாக இருந்த இலங்கைக் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, லண்டன் ஏஏ (ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்) பள்ளியில் சேர்ந்து 1957இல் தகுதி பெற்றபோது முப்பதுகளின் கடைசியில் இருந்தார், அதையும் சொல்லுங்கள்.

நான் நாலு வருட வேலைக்கு அப்புறம் எம்.ஆர்க் போனேன். அலுவலகத்தில் மேற்குப் பக்க ஜன்னலுக்கு நிழல் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். ஆய்வுக்காக ஒரு படுக்கையறையில் வெப்பமானி வைத்துத் தொடர்ந்து பதிவு செய்தேன். ஜன்னல் நிழலில்தான் இருந்தது, ஆனால் அறை அதிகம் சூடானது இரவில். பகலெல்லாம் வெயில் வாங்கிய செங்கல் சுவர் அந்தச் சூட்டைப் பல மணி நேரம் கழித்து உள்ளே விடுகிறது. நிழல் சுவருக்கும் வேண்டும். இதைப் பாடத்தில் படித்திருக்கிறேன், ஆனால் எண்களாகக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் வரைபடம் மாறியது. ஆய்வுக்கு இப்படி ஒரு பலம் உண்டு. மாண்ட்ரியலில் 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ஹாபிடாட் 67 குடியிருப்புகூட அதை வடிவமைத்த மோஷே சாஃப்டியின் கல்லூரி ஆய்வில் முளைத்ததுதான்.

செங்கல்சூளை:
அது அவருடைய முதல் பட்டத்துக்கான ஆய்வு நண்பரே, முதுகலை இல்லை. நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. வெப்பமானி வாங்கி அறையில் வைக்கக் கல்லூரி எதற்கு?

நிழல்கோடு:
சாஃப்டி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெப்பமானி வைக்க எனக்கு எந்த அலுவலகமும் நேரம் தரவில்லை. அடுத்த வாரம் அனுமதிக்கு வரைபடம் போகணும் என்றால் கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

படிக்கட்டு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், பேர் ஒன்றாக இருந்தாலும் எல்லா எம்.ஆர்க்கும் ஒன்றில்லை. அமெரிக்காவில் வேறு துறையில் பட்டம் வாங்கியவர்கள் மூன்று, மூன்றரை வருட எம்.ஆர்க் படித்துத்தான் இந்தத் தொழிலுக்கே வருகிறார்கள், அங்கே அது தொழில்முறைப் பட்டம். அவர்களிடம் போய் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வரைபலகைக்குப் பதிவு ஏற்கெனவே இருக்கிறது, அதனால் அவருக்கு இது சிறப்புப் படிப்பு மட்டும்: நகர வடிவமைப்பு, பழைய கட்டிடப் பாதுகாப்பு, நிலத்தோற்ற வடிவமைப்பு (லேண்ட்ஸ்கேப்), இப்படி ஏதாவது ஒன்று. எந்தப் பிரிவு என்று சொல்லாமல் போகலாமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் பல இடங்களில் இந்தப் பட்டம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அது தனி.

வரைபலகை:
பிரிவைச் சொல்லாதது என் தவறுதான். போன வருடம் ஒரு பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டிடத்தைப் புதுப்பித்தோம். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூச்சு என்று எழுதிக் கொடுத்தது நான்தான். ஒரே மழைக்காலம், பூச்சு அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. விரலால் தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டபடி இருக்கும், சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. உதிர்ந்த இடத்தில் பழைய செங்கலும் பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. அலுவலகத்தில் யாரைக் கேட்டும் சரியான கலவை என்னவென்று தெரியவில்லை, மறுபடி சிமெண்டையே பூசினார்கள். அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது. கட்டிடப் பாதுகாப்புதான் பார்க்கிறேன்.

செங்கல்சூளை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். போங்கள். ஆனால் சேருவதற்கு முன்னால் அங்கே படிப்பவர் ஒருவரிடம் கேளுங்கள்: சுண்ணாம்பைக் கையால் நீற்றிக் கலந்து சுவரில் பூசவிடுகிறார்களா, பழைய காரையை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்க்கவிடுகிறார்களா என்று. வெறும் படம் போட்டுக் காட்டுகிற இடம் என்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

நிழல்கோடு:
இதில் நானும் செங்கல்சூளை பக்கம்தான். அந்த உப்பிய பூச்சில் ஒரு துண்டு, பழைய காரையில் ஒரு துண்டு, இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள், நேர்முகத்துக்கு உங்கள் வரைபடங்களோடு அதையும் கொண்டுபோங்கள்.