"24 மணி நேரத்தில் 70 விழுக்காடு மறந்துபோகும்": இந்தக் கணக்கை முதலில் நிறுத்துங்கள்

கரும்பலகை

"படித்ததில் 70 விழுக்காடு 24 மணி நேரத்துக்குள் மறந்துபோகும். அன்றைக்கே திருப்பிப் படிக்காவிட்டால் படித்தது வீண்." இந்த வாசகம் கொண்ட சுவரொட்டி மாணவர் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே சிவப்பு நிறத்தில் சரிந்து விழும் ஒரு கோடு. நேற்று மீள்பார்வை என்ற பெயரில் எழுதும் உறுப்பினர் அதை இந்த மன்றத்திலும் ஒட்டி, "அறிவியல் சொல்கிறது" என்று மேலே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

எந்த அறிவியல்? 1885இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சோதனைக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர். அவரும் எபிங்ஹாஸேதான். அவர் மனப்பாடம் செய்தது பாடம் அல்ல. பொருளே இல்லாத அசைகளை, 13 அசைகள் கொண்ட வரிசைகளாக அடுக்கி, பிழையில்லாமல் வரும்வரை ஒப்பித்தார். அந்த அசைகள் மறந்த வேகத்தைக் கொண்டுவந்து ஒளிச்சேர்க்கை படிக்கும் பிள்ளையின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அதே மனிதர் கவிதை அடிகளையும் மனப்பாடம் செய்து பார்த்தார். அசைகளுக்கு ஆன உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே போதுமாக இருந்தது. இதைச் சுவரொட்டியில் போட யாருக்கும் கை வரவில்லை.

பயந்துபோன பிள்ளை என்ன செய்கிறது என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பில் பார்த்தவன் நான். புரியாத பக்கத்தையே இரவில் இன்னொரு முறை கண்ணால் ஓட்டிவிட்டு, சுவரில் ஒட்டிய அட்டவணையில் "திருப்புதல் 1" என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறது. புத்தகத்தை மூடச் சொல்லி ஒரு கேள்வி கேட்டால் விழிக்கிறது.

மீள்பார்வை

ஐயா, நான் பெயர் தெரியாத இடத்திலிருந்து எடுத்து ஒட்டவில்லை. எபிங்ஹாஸின் அட்டவணையே சொல்கிறது: 20 நிமிடத்தில் மிச்சம் 58 விழுக்காடு, ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, 31 நாளில் 21. நூறில் 34 போனால் 66. முழு எண்ணாக இருக்கட்டும் என்று 70 போட்டேன். இதில் பொய் எங்கே வந்தது?

ஒரே ஆள் என்கிறீர்கள். 2015இல் ஆம்ஸ்டர்டாமில் அதே சோதனையை மறுபடியும் செய்தார்கள். கிட்டத்தட்ட அதே வளைவுதான் வந்தது. அதையும் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

கரும்பலகை

படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். 2015 சோதனையிலும் மனப்பாடம் செய்தவர் ஒருவரே. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

அந்த 34 என்பது தலையில் மிச்சம் இருக்கும் பாடத்தின் அளவு அல்ல. மறுபடி படிக்கும்போது மிச்சமாகும் நேரம். முதல் நாள் ஒரு வரிசையை ஒப்பிக்க 1000 நொடி ஆனது என்று வையுங்கள். மறுநாள் அதே வரிசைக்கு 660 நொடி போதும். மிச்சமான 340 நொடிதான் அந்த 34 விழுக்காடு. மறுநாள் காலையில் ஓர் அசைகூட நினைவுக்கு வராத ஆளுக்கும் இந்த மிச்சம் கிடைக்கலாம். நேரத்தை அளந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போய்ப் "பாடம் மறந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். போதாததற்கு 66ஐ 70 ஆக்கியிருக்கிறீர்கள்.

மீள்பார்வை

66க்கும் 70க்கும் இடையில் இருப்பது நான்கு. அந்த நான்குக்காகவா ஒரு தனி இழை தொடங்கினீர்கள்? மறப்பது உண்டா, இல்லையா? உண்டு. அன்றைக்கே திருப்பிப் பார்ப்பது நல்லதா, இல்லையா? நல்லது. பிறகு உங்களுக்கு என்னதான் வலிக்கிறது?

கரும்பலகை

நான்கு விழுக்காடு சும்மா வராது, தம்பி. அட்டவணையில் இருப்பது 66. நீங்கள் எழுதியது 70. இன்னொருவர் அதை 75 ஆக்குவார்.

நடுநிசி

நடுவில் குறுக்கிடுகிறேன். தேர்வுக்கு முந்தின இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுப் போய் எழுதுபவன் நான். மதிப்பெண் வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த வளைவு, அசை, நொடி எல்லாம் உங்களுக்கு எதற்கு?

கரும்பலகை

வருவது வரும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களிடம் உரைநடைப் பத்திகளைக் கொடுத்தார்கள். அசை அல்ல, பத்தி. மீள்பார்வை இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பத்தியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை ஒரு முறை வாசித்துவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு முறை வாசித்ததற்கே வெற்றி: அதில் நினைவில் நின்றது 81 விழுக்காடு, மூடிவைத்து எழுதியதில் 75. இரண்டு நாள் கழித்துக் கதை தலைகீழ்: வாசித்ததில் 54, எழுதியதில் 68. ஒரு வாரம் கழித்து 42, 56.

உங்களுக்கு மதிப்பெண் வருவது அந்த ஐந்து நிமிட வெற்றியின் நீட்சி. அடுத்த பருவத்தில் அதே பாடத்தின் மேல் இன்னொரு பாடம் வந்து உட்காரும்போது அடித்தளம் இருக்காது.

நடுநிசி

81 பெரியதா, 75 பெரியதா? 81. நன்றி, வருகிறேன்.

கரும்பலகை

மற்ற இரண்டு வரிகளையும் வாசியுங்கள்.

நடுநிசி

முதல் வரி போதும். தேர்வு காலையில் இருக்கிறது, ஒரு வாரம் கழித்து இல்லை.

இளவேனில்

புத்தகத்தை மூடிவைத்து எழுதுங்கள் என்று எல்லோரும் எளிதாகச் சொல்கிறீர்கள். நான் சட்டம் படிக்கிறேன். பிரிவு, விலக்கு, தீர்ப்பு என்று மூன்று நிற ஹைலைட்டர் இல்லாமல் என்னால் ஒரு பக்கம்கூட நகர முடியாது. போன மாதம் இங்கேயே கரும்பலகை ஐயா "கோடு போடுவது படிப்பே அல்ல" என்று எழுதினார். அதை நான் மறக்கவில்லை.

கரும்பலகை

மறக்க வேண்டாம் அம்மா, இன்னொரு முறையும் சொல்கிறேன். 2013இல் டன்லாஸ்கி தலைமையில் ஐந்து பேர் பத்து படிப்பு உத்திகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது, இந்த இரண்டுக்கு மட்டுமே உயர்ந்த பயன் என்று தீர்ப்பு. கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசையில்.

பழைய புத்தகம் ஒன்று கைமாறி வந்தால் புரட்டிப் பாருங்கள். முதல் அத்தியாயத்தில் பக்கத்துக்கு எட்டு வரி மஞ்சள், தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு, ஓரத்தில் நட்சத்திரம். மூன்றாம் அத்தியாயத்துக்கு மேல் பக்கங்கள் வெள்ளை வெளேர் என்று இருக்கும்.

இளவேனில்

என் புத்தகத்தில் கடைசிப் பக்கம் வரை மூன்று நிறமும் இருக்கிறது. யாரோ ஒருவருடைய பழைய புத்தகத்தைக் காட்டி என்னை மட்டம் தட்ட வேண்டாம். அந்த ஐந்து பேர் சட்டப் புத்தகத்தில் சோதித்தார்களா?

மீள்பார்வை

நல்ல கேள்வி. அசையில் செய்த சோதனை பாடத்துக்குச் செல்லாது என்று எனக்குச் சொன்னவர், யாரிடமோ செய்த சோதனையை இளவேனில் மேல் ஏவுகிறார்.

எண்ணெழுத்து

கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று. நீங்கள் எல்லோரும் "நினைவு, நினைவு" என்றே பேசுகிறீர்கள். கணக்கில் மாணவன் தடுக்கி விழுவது மறதியால் அல்ல. வகையீட்டுப் பயிற்சியில் இருபது கணக்கையும் சரியாகப் போட்டுவிடுகிறான், ஏனென்றால் தலைப்பிலேயே "பெருக்கல் விதி" என்று அச்சடித்திருக்கிறது. அதே கணக்கை வேறு மூன்று அத்தியாயக் கணக்குகளோடு கலந்து கொடுத்தால் எந்த விதியை எடுப்பது என்று தெரியாமல் பேனாவைக் கடிக்கிறான். தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது. கலந்து பயிற்சி செய்வதைப் பற்றி ஒருவராவது பேசுங்கள்.

கரும்பலகை

அது முக்கியமான செய்தி, ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் இந்த இழை 70 விழுக்காட்டைப் பற்றியது.

மீள்பார்வை

66 அல்லவா? நீங்களே இப்போது 70 என்று எழுதுகிறீர்கள்.

கரும்பலகை

உங்கள் சுவரொட்டியில் இருப்பதைத்தான் எழுதினேன்.

இதே ஆள்தான் போன முறை ஒரு பிரமிடைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசித்தால் 10 விழுக்காடு நினைவில் நிற்கும், கேட்டால் 20, செய்தால் 90 என்று ஏழெட்டு அடுக்கு. அதற்கு மூலம் என்று சொல்லப்படும், அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வரைந்த அனுபவக் கூம்பில் ஒரு விழுக்காடுகூடக் கிடையாது. பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்த எண்கள் அவை. அப்போதும் கேட்டேன், பதில் இல்லை. பத்து, இருபது, தொண்ணூறு என்று மனித மூளை வட்டமான எண்ணிலா மறக்கும்?

மீள்பார்வை

பழைய கணக்கைத் தீர்க்கத்தான் இந்த இழை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் படிப்புக் குழுவில் ஆன்கி செயலியில் வினா அட்டை போட்டுப் படிப்பவர்கள் தேர்ச்சி பெறுகிறார்கள். அந்தச் செயலி நெடுங்காலம் நம்பி ஓடியது போலந்தின் பியோத்ர் வோஸ்னியாக் 1987இல் வகுத்த, எந்த அட்டையை எப்போது மறுபடி காட்டுவது என்று சொல்லும் எஸ்எம்-2 கணக்கில். முதல் இடைவெளி ஒரு நாள், அடுத்தது ஆறு நாள். முதல் இடைவெளி ஒரு நாள்! அதாவது 24 மணி நேரம். நான் சொன்னதும் அதுவே.

கரும்பலகை

நீங்கள் சொன்னது "அன்றைக்கே படிக்காவிட்டால் வீண்". வோஸ்னியாக் அப்படிச் சொல்லவில்லை. 2023இல் ஆன்கியே வேறு ஒரு கணிப்பு முறையைச் சேர்த்துக்கொண்டது.

எல்லோருக்கும் பொதுவான 24 மணி நேரம் என்று ஒன்று கிடையாது. 2008இல் செப்பீடாவும் உடன் ஆய்வாளர்களும் 1,350க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதனை என்றால் முதல் படிப்புக்கும் திருப்புதலுக்கும் இடையில் ஒரு நாள் நல்ல பலன் தந்தது. 35 நாள் கழித்து என்றால் 11 நாள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து என்றால் மூன்று வாரம். தேர்வு தள்ளிப்போகப் போக இடைவெளியும் நீள வேண்டும். பத்து மாதம் கழித்துத் தேர்வு எழுதப்போகிற பிள்ளையை ஒவ்வொரு பாடத்தையும் அன்றைக்கு இரவே திருப்பச் சொன்னால், எப்போது புதுப் பாடம் படிப்பது? எப்போது தூங்குவது?

மீள்பார்வை

ஒரு வாரத்துக்கு ஒரு நாள். பார்த்தீர்களா, அதுவும் 24 மணி நேரம்தான்.

பனித்துளி

வேலைக்குப் போய்க்கொண்டே போட்டித் தேர்வுக்குப் படிப்பவள். செயலி எனக்கு ஒத்துவரவில்லை. நான்கு நாள் வேலை அதிகமாகித் திறக்காமல் விட்டால், ஐந்தாம் நாள் அட்டைகள் மலையாகக் குவிந்து நிற்கின்றன. அந்த எண்ணைப் பார்த்தாலே மூடிவிடத் தோன்றுகிறது. வினாத்தாளில் தவறிய கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, விடையைப் பின்பக்கம் வைத்து, வார இறுதியில் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். இது போதுமா, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

மீள்பார்வை

நாள்தோறும் வரும் புதிய அட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்து வைத்தால் குவியாது. செயலியில் அதற்கு வசதி இருக்கிறது. செயலியைக் குறை சொல்லும் முன் அமைப்பைப் பாருங்கள்.

இளவேனில்

நோட்டில் கையால் எழுதுகிறீர்கள், அதனால்தான் பலன் தருகிறது. தட்டச்சு செய்வதைவிடக் கையெழுத்தே மேல் என்று 2014இல் ஆய்வே வந்திருக்கிறது.

கரும்பலகை

2019இல் அதை மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. பனித்துளியின் நோட்டு பலன் தருவது அவர் விடையைப் பின்பக்கம் வைத்திருப்பதால். மூடிய விடையைத் தேடித்தான் மூளை உழைக்கிறது. எந்தப் பேனா, எந்த நிறம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இளவேனில்

நிறத்தை இழுக்காமல் உங்களால் ஒரு பதிவுகூடப் போட முடியாதா?

எண்ணெழுத்து

பனித்துளி, நோட்டில் கேள்விகளைப் பாட வாரியாக எழுதாமல் கலந்து எழுதுங்கள். இதை மூன்றாவது முறையாகச் சொல்ல வைக்காதீர்கள்.

மீள்பார்வை

கடைசியாக ஒன்று. கரும்பலகை ஐயா இவ்வளவு பேசுகிறாரே, அவருடைய மாணவர்கள் எந்த முறையில் படித்தார்கள் என்று ஒரு முறையாவது சொன்னாரா?

கரும்பலகை

சொல்கிறேன். ஐந்து அறை கொண்ட அட்டைப் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்ற செய்தியாளர் 1970களில் விளக்கிய முறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எங்கே இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை அடிக்கடி எடுப்போம், ஐந்தாம் அறையை எப்போதாவது. மின்சாரம் வேண்டாம், அறிவிப்பு மணி வேண்டாம். மறந்தவன் முகத்துக்கு நேரே 70 என்று எழுதிக் காட்டவும் வேண்டாம்.

மீள்பார்வை

அதாவது செயலி செய்யும் அதே வேலையை அட்டைப் பெட்டியில் செய்தீர்கள். ஆன்கி 2006இல் வந்தபோது அந்தப் பெட்டியைக் கைப்பேசிக்குள் அடக்கிவிட்டது என்பதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

கரும்பலகை

2006இல் வந்த ஆன்கி கணினிக்கானது. கைப்பேசிக்குள் அடங்கியது பிறகு. இதிலும் ஆண்டைப் பார்க்காமல் எழுதுகிறீர்கள்.

நடுநிசி

நாளைக்கு எனக்குத் தேர்வு. வாசிக்கப் போகிறேன், இரண்டு முறை.

மீள்பார்வை

கணினியோ கைப்பேசியோ, அட்டை அட்டைதான். சுவரொட்டியை எடுக்க மாட்டேன். வேண்டுமானால் ஓரத்தில் சிறிய எழுத்தில் 66 என்று போடுகிறேன், அதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

கரும்பலகை

66 போட்டாலும் தவறு. அது நேரத்தின் கணக்கு. மேலே எழுதியதை மறுபடி படியுங்கள்.