கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்ய முடியவில்லை: அவசர அழைப்புப் பணிக்குத் தயாராக உதவி தேவை

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். 108, 112 போன்ற அவசர எண்களுக்கு வரும் அழைப்புகளை ஏற்கும் பணிக்கு விண்ணப்பிக்க மூன்று மாதங்களாகத் தயாராகி வருகிறேன். தாளைப் பார்த்து நிமிடத்துக்கு 35 தமிழ்ச் சொற்களைப் பிழையின்றி அடிக்கும் நான், ஒருவர் பதற்றத்துடன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அடித்தால் 15 சொற்களைக்கூடத் தாண்டுவதில்லை. அதைவிட மோசம், எந்த இடம் என்பதையே தவறவிடுகிறேன்.

பழைய தட்டச்சு முறையில் பழகியவள் நான். கணினியில் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளிலும் அதையே பயன்படுத்துகிறேன். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்புக்கு மாறி ஒரு மாதம் முயன்றதில் வேகம் குறைந்ததே தவிர கவனம் கூடவில்லை. வானொலிச் செய்தியைக் கேட்டும் அடித்துப் பார்த்தேன். ஆனால் செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்கப் பேசுவதில்லையே. இப்போது என் தங்கை தினமும் இரவில் பக்கத்து அறையிலிருந்து கைப்பேசியில் அழைத்து, விபத்தில் சிக்கியவர்போல் நடிக்கிறாள். நேற்று அவள் ‘புதுப்பேட்டை’ என்றதும் பண்ருட்டி அருகிலுள்ள ஊரைப் பதிந்தேன். அவள் சொன்னதோ பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவர் கிராமம். முதலில் இடம், அடுத்து திரும்ப அழைக்கும் எண், பிறகு நடந்தது என்ன என்ற வரிசையைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தும், அழுகுரல் கேட்டதும் அது மறந்துபோகிறது.

விண்ணப்பிக்க ஐந்து வாரங்களே உள்ளன. இத்தகைய பணியில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: கேட்பதும் பதிவதும் ஒருசேர நடக்க, எந்தப் பயிற்சி உங்களுக்குப் பலன் தந்தது?