முதல் ஆர்சி (ரேடியோ ரிமோட்ல ஓட்டுற) பிளேன்: பறக்கவிட்ட அன்னைக்கு என்ன நடந்துச்சு?

கரிசல்காட்டான்:
செட்டு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சன்போர்டுங்கிற லேசான ஃபோம் ஷீட்டுல வெட்டின ஹை விங் ட்ரெய்னர் (இறக்கை உடம்புக்கு மேல இருக்கிற, பழகுறதுக்கான பிளேன்), 2212 சைஸ் மோட்டார், 3எஸ் (மூணு செல்) பேட்டரி, ஃப்ளைஸ்கை கம்பெனி ரிமோட். கோவில்பட்டி பக்கம் வெதைப்பு இல்லாத மானாவாரிக் காடு. மச்சான் எறிஞ்சான், ஏறிடுச்சு. நேராப் பறக்குற மாதிரி ட்ரிம் பண்ணிட்டிருக்கும்போதே மேல ஒரு பருந்து. அது பாட்டுக்குச் சுத்துதுன்னு விட்டுட்டேன். பொசுக்குனு றெக்கையைச் சுருக்கி இறங்குச்சு. பிளேனுக்குப் பின்னால ஒரு முழம் மேல வந்ததும் ரெண்டு காலையும் முன்னால நீட்டுச்சு பாருங்க, மஞ்சக் காலும் விரிஞ்ச நகமும் தரையில இருந்தே தெரிஞ்சுது. ப்ராப்ல (சுத்துற விசிறியில) மாட்டிருமேன்னு மோட்டார் வேகத்துக்கான த்ராட்டிலை மொத்தமா அடைச்சேன். வலது இறக்கையில பட்டுன்னு ஒரு அடி. பிளேன் ஒரு குலுங்கு குலுங்கி, தானா நிமிர்ந்து, வேலிக்கருவைக்குள்ள போய் உக்காந்துச்சு. பருந்துக்கு ஒண்ணும் ஆகல, பழையபடி மேல போயிடுச்சு. இறக்கையில மூணு கீறல், இன்னும் டேப் ஒட்ட மனசு வரல. ஏன் அப்படி வந்துச்சு? பக்கத்துல கூடு இருந்திருக்குமோ?

சர்வோ சாமி:
கூடு இருந்தா கண்டிப்பா வரும், இல்லாட்டியும் வரும். தன் எல்லைக்குள்ள புதுசா ஒண்ணு பறந்தா விரட்டத்தான் பார்க்கும். ஆனா த்ராட்டிலை அடைச்சதை நான் ஒத்துக்க மாட்டேன். மூக்கு தூக்கியிருந்த நேரத்துல அடைச்சிருந்தா ஸ்டால் ஆகி (இறக்கை தூக்குற சக்தி போயி) அங்கேயே கவுந்திருக்கும். இறக்கை ரெண்டும் நுனியில தூக்கின டைஹெட்ரல், அதான் தானா நிமிர்ந்துச்சு.

என் கதையில பருந்தெல்லாம் இல்ல. என்னை விட்டு விலகிப் போறவரைக்கும் பிளேன் ராஜா மாதிரி போச்சு. என்னைப் பார்த்துத் திரும்பினதும் என் வலது கைப் பக்கம் இருந்த இறக்கை சாயுது. கை தன்னால இடது பக்கம் தள்ளுது. இன்னும் சாயுது, இன்னும் தள்ளுறேன். ப்ராப் வட்டம் நேரா என் நெஞ்சுக்கு வருது. பின்னால இருந்து ஒருத்தர் "சாயுற பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுய்யா, முட்டுக் குடு!"ன்னு கத்தினார். குடுத்தேன். நிமிர்ந்து தலைக்கு மேல விர்ருன்னு போச்சு. அவர் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பால்சா பழனி:
நீங்கல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பிள்ளைங்க. ஆன் பண்ணா பிளேன்ல இருக்கிற ரிசீவர் தன் ரிமோட் பேச்சை மட்டும் கேக்கும். எங்க காலத்துல 72 மெகாஹெர்ட்ஸ், சேனல் மாத்த கிரிஸ்டல் மாத்துற செட்டு. ஒரே சேனல்ல ரெண்டு பேர் ஆன் பண்ணா கதை முடிஞ்சுது. அதனால மைதானத்து போர்டுல இருக்கிற தன் சேனல் கிளிப்பை எடுத்து ஏரியல்ல மாட்டின ஆள்தான் ஆன் பண்ணலாம்னு சட்டம். க்ளோ இன்ஜின், எரிபொருள் பெட்ரோல் இல்ல, விளக்கெண்ணெய் கலந்த மெத்தனால்தான். அந்தப் புகை வாடையே தனி. பிளேன் நல்ல உசரத்துல இருக்கு, திடீர்னு வெட்டி வெட்டி இழுத்து, சுழண்டு இறங்குது. ஸ்டிக்கை ஆட்டினா ஒண்ணுமே கேக்கல. திரும்பிப் பார்த்தா ஒரு மனுசன் கார் டிக்கியைத் திறந்து வச்சு, கிளிப்பும் எடுக்காம, ரிமோட்டை ஆன் பண்ணி ரட்டரை (வால்ல இருக்கிற சுக்கானை) ஆட்டிப் பார்த்துட்டிருக்கார். என்னைப் பார்த்து சிரிச்சார் வேற. பால்சா மரத்துல செஞ்ச பிளேன் போனது கூட மறந்துருச்சு, அந்தச் சிரிப்பு மறக்கல.

சாமி, அடைச்சது சரிதான். சுத்துற ப்ராப் பட்டா பருந்து கால் போயிடும். சன்போர்டு போனா இன்னொரு ஷீட்டு வாங்கிக்கலாம்.

பச்சை மண்டலம்:
நான் விட்டப்போ எறிஞ்சதும் மூக்கைத் தூக்கி நின்னு, வாலால விழுந்துச்சு. அவ்வளவுதான். ஆனா புதுசா வர்றவங்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆகணும். பேட்டரியை மாட்டி, இறக்கைக்கு அடியில ரெண்டு பக்கமும் விரல் வச்சுத் தூக்குங்க. முன் விளிம்புல இருந்து அகலத்துல கால் பங்குக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல விரல் வச்சா பிளேன் சமமா நிக்கணும், அதான் சிஜி (எடை மையம்). மூக்கு லேசா தாழ்ந்தா பரவால்ல, வால் தாழ்ந்தா எறியவே எறியாதீங்க, பேட்டரியை முன்னால நகர்த்துங்க. செட்டிங் பண்றப்போ ப்ராப்பைக் கழட்டிருங்க. பின்னால நின்னு ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா வலது அய்லரான் (இறக்கையோட பின் விளிம்புல ஆடுற பட்டை) மேல போகணும், இது மாறியிருந்து போன பிளேன் எத்தனையோ. காத்துக்கு எதிர்த்துதான் எறியணும். லிப்போ பேட்டரியை செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழ இறக்காதீங்க, சும்மா வைக்கிறப்போ 3.8, உப்பிப்போன பேட்டரிக்கு சார்ஜே போடாதீங்க. எங்க பறக்கவிடலாம்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்புல இடம் பச்சையான்னு பாருங்க. டிரோன் விதிகள் 2021 படி பச்சையில 400 அடி வரைக்கும், ஏர்போர்ட் எல்லையில இருந்து 8-12 கிலோமீட்டருக்குள்ளன்னா 200 அடிதான். அப்புறம் சிமுலேட்டர்...

கரிசல்காட்டான்:
அண்ணே, சிஜி எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் கேட்டது பருந்தைப் பத்தி.

சர்வோ சாமி:
பழனி சார், த்ராட்டிலை அடைச்சாலும் காத்துக்கு ப்ராப் சுத்திட்டுத்தான் இருக்கும். இஎஸ்சியில (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற போர்டுல) பிரேக் ஆன் பண்ணியிருந்தாத்தான் நிக்கும். பெரும்பாலும் ஸ்டிக்கை வச்சே செட் பண்ணலாம், எத்தனை பீப்புக்கு என்ன செட்டிங்னு மேனுவல்ல போட்டிருக்கும்.