லாம்டாவுக்கு நாட் கேட்வே இல்லாமல் வழி உண்டா?

வணக்கம். கேஎல்லில் கிளவுட் வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) மலேசிய ரீஜனில் ஒரு பைத்தான் லாம்டா (கூப்பிடும்போது மட்டும் ஓடும் கோட்), டேட்டாபேஸுக்காக விபிசிக்குள் (கிளவுடில் நமக்கென்று உள்ள தனி நெட்வொர்க்) இருக்கிறது. டேட்டாபேஸ் கிடைக்கிறது; வெளியே உள்ள பேமன்ட் ஏபிஐயைக் கூப்பிட்டால் மட்டும் டைம்அவுட். லாம்டாவின் 3 விநாடி வரம்பை 30 ஆக்கினாலும் அதே கதைதான்.

பப்ளிக் சப்நெட்டில் (விபிசியில் இணையத்துக்கு நேரடி வழி உள்ள பகுதி) போடச் சொல்லாதீர்கள், அங்கேயும் லாம்டாவுக்குப் பப்ளிக் ஐபி கிடைக்காது. விபிசியிலிருந்து வெளியே எடுக்கவும் வழியில்லை. பதிவு செய்த ஒரே ஐபியிலிருந்து வந்தால்தான் அந்த ஏபிஐ ஏற்கும். நாட் கேட்வேயும் (உள்ளிருந்து இணையத்துக்குப் போக வழிவிடும் சேவை) எலாஸ்டிக் ஐபியும் (மாறாத பப்ளிக் ஐபி) போட்டால் சரியாகிவிடும். ஆனால் சும்மா கிடந்தாலும் மணிக்கணக்கில் காசு ஓடும். ஒரு நாளைக்குச் சில நூறு அழைப்புக்கு இது அநியாயம்!

சின்ன இசி2 (வாடகை சர்வர்) ஒன்றையே நாட் கேட்வேக்குப் பதிலாக ஓட்டுபவர்கள் உண்டா? பிறருடைய டிராஃபிக்கைக் கடத்தவிடாத சோர்ஸ் டெஸ்டினேஷன் செக்கை அதில் அணைப்பதும், லாம்டா இருக்கும் பிரைவேட் சப்நெட்டின் ரூட் டேபிளில் 0.0.0.0/0-ஐ (வெளியே போகும் எல்லா டிராஃபிக்கையும்) அதற்குத் திருப்புவதும் தெரியும். அந்த இசி2 விழுந்தால் அதே ஐபியோடு தானாக எழ என்ன செய்கிறீர்கள்?