ஏசாயாவின் மகன் பெயரும் ‘விரிச்சிப்பெயர்’ என்னும் கலைச்சொல்லும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வேதாகமத்திலுள்ள ஏசாயா நூலின் 8ஆம் அதிகாரத்தில், ஏசாயா தீர்க்கதரிசியின் மகனுக்கு இட்ட பெயராக வரும் மகேர்-சாலால்-அஷ்-பாஸ் போன்ற பெயர்களின் வகையைத் தமிழில் எவ்வாறு குறிப்பது என்ற இந்த இழையில் அடையாளப்பெயர், வாக்கியப்பெயர், நிமித்தப்பெயர் என மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் பொருளுணர்ந்து ஆக்கப்பட்டவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், இப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டது, எப்போது எழுதப்பட்டது, யார் காதில் விழுந்தது என்பவற்றைப் பார்த்தால் வேறொரு சொல் இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

ஒரு பெரிய பலகையை எடுத்து, எல்லாரும் வாசிக்கக்கூடிய வழக்கமான எழுத்தில் இப்பெயரை எழுதும்படி ஏசாயாவுக்குக் கட்டளை வருகிறது. உரியா என்னும் ஆசாரியனும் யெபெரெகியாவின் மகன் சகரியாவும் அதற்குச் சாட்சிகள். அப்போது குழந்தை பிறந்திருக்கவில்லை. தாய் கருவுற்ற செய்தியே அடுத்த வசனத்தில்தான் வருகிறது. பெயருக்கு முன்னால் ‘ல’ என்ற எபிரேய முன்னொட்டு நிற்கிறது. அது ‘இன்னாருக்கு உரியது’ என்று பொருள்படும். ஏசாயா வாழ்ந்த யூதா நாட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஜாடிக் கைப்பிடிகளில் ‘அரசனுக்கு உரியது’ என்று குத்திய முத்திரைகளிலும் இதே முன்னொட்டைக் காணலாம். எனவே அந்தப் பலகையைக் கடந்து சென்றவர்கள் கண்டது இன்னும் பிறவாத ஒருவனுக்கு உரிய உடைமைச் சீட்டு. அதில் எழுதியிருந்த பெயரோ கொள்ளையைப் பற்றிப் பேசியது.

‘சாலால்’ என்பது போரில் கவர்ந்த பொருள். ‘பாஸ்’ என்பது சூறை. மற்ற இரண்டு சொற்களும் விரைவைக் குறிப்பவை. அவற்றின் வினைவடிவம் எது என்பதில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் பிரிகிறார்கள். ‘மகேர்’ என்பதை ஏவலாகவும் கொள்ளலாம், ‘விரைகின்ற’ என்றும் கொள்ளலாம். ‘அஷ்’ என்பதையும் முடிந்த வினையாகவோ நடந்துகொண்டிருக்கும் வினையாகவோ படிக்கலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து 8:3இல் பெயரை ஒலிபெயர்க்காமல் ‘விரைந்து கவர், கடிது சூறையாடு’ என்று ஏவலாகவே மாற்றிவிட்டது. எரோணிமு செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பும் அதே வழியில் சென்றது. லூத்தர் ஜெர்மனில் ‘ராவ்பெபால்ட் ஐலெபாய்ட்டெ’ என்று எழுதி, அம்மொழியிலேயே ஓர் ஆளின் பெயர்போல ஒலிக்கச் செய்தார். தமிழ் வேதாகமம் எபிரேய ஒலியை வைத்துக்கொண்டது. அதனால் பெயரின் அந்நியத்தன்மை காக்கப்பட்டது. ஆனால் பொருள் வாசகனின் காதில் விழாமல் போயிற்று.

தமிழில் பெயர்ப்பதானால் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை என்பது நன்னூல். ‘விரைகொள்ளை முடுகுசூறை’ என்று வைத்தால், விரைந்த கொள்ளையா, விரைகின்ற கொள்ளையா, விரையும் கொள்ளையா என்ற கேள்விக்கு மூலத்தில் விடை திறந்திருப்பது போலவே தமிழிலும் திறந்திருக்கும். அதே சமயம் ‘விரை’, ‘முடுகு’ இரண்டும் தனியே நின்றால் ஏவலும் ஆகும். முதலில், கடுகுதல் என்றாலும் விரைதல்தான் என்பதால், ‘கடுகுசூறை’ என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் இன்றைய காதில் கடுகு தாளிக்கும் சட்டியைத்தான் நினைவூட்டும் என்பதால் ‘முடுகு’ என்று மாற்றினேன்.

இனி பெயர் வகைக்கு வருகிறேன். ‘வாக்கியப்பெயர்’ என்பது அமைப்பை மட்டுமே சொல்கிறது. எசேக்கியா என்றால் ‘யாவே வலிமை தருகிறார்’, எலியா என்றால் ‘என் கடவுள் யாவே’. எபிரேயத்தில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் சாதாரணப் பெயர்களாக நூற்றுக்கணக்கில் உண்டு; எனவே இச்சொல் நாம் தேடும் வேறுபாட்டைத் தொடவில்லை. ‘அடையாளப்பெயர்’ என்பதற்கு மூலத்திலேயே ஆதாரம் உண்டு: 8:18இல் ஏசாயா தன்னையும் தன் பிள்ளைகளையும் இஸ்ரவேலில் அடையாளங்கள் என்று சொல்கிறார். ஆனால் அடையாள அட்டை புழங்கும் இன்றைய தமிழில் எந்தப் பெயரும் ஓர் அடையாளம்தானே என்ற கேள்வி உடனே எழும். ‘நிமித்தப்பெயர்’ நல்ல சொல். நிமித்தம் என்பது பறவை, பல்லி, கண் துடிப்பு என எதையும் குறிக்கும் அகன்ற சொல் என்பதே அதில் நான் காணும் குறை. நமக்கு வேண்டியது சொல்லால் மட்டும் ஆன நிமித்தம்.

அதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: விரிச்சி. ஒரு காரியம் என்னாகும் என்று அறிய விரும்புவோர் ஊர்ப்புறம் சென்று நின்று, அயலார் வேறெதையோ குறித்துப் பேசும் சொல்லைக் கேட்டு, அதையே தமக்கு வந்த விடையாகக் கொள்வது விரிச்சி கேட்டல். தொல்காப்பியம் ‘பாக்கத்து விரிச்சி’ என்று இதை வெட்சித்திணையில், அதாவது ஆநிரை கவரும் படைக்குரிய துறைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. கொள்ளையை அறிவிக்கும் எபிரேயப் பெயருக்கு நாம் சொல் தேடும்போது, கொள்ளைக்குப் புறப்படுமுன் கேட்கும் சொல் என்ற பொருளுடைய தமிழ்ச் சொல் கிடைப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது.

முல்லைப்பாட்டின் தொடக்கக் காட்சியையும் நினைவூட்டுகிறேன். முதிய பெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கைதொழுது விரிச்சி நிற்கிறார்கள். சிறுகயிற்றில் கட்டிய இளங்கன்று தாயைக் காணாமல் தவிக்க, ஆய்மகள் ஒருத்தி ‘இன்னே வருகுவர் தாயர்’ என்று அதைத் தேற்றுகிறாள். அவள் பேச்சு கன்றுக்கானது. கேட்டவர்களுக்கோ அது போருக்குச் சென்ற தலைவன் வெற்றியோடு மீள்வான் என்ற செய்தி. எருசலேமில் ஒரு தாய் தன் மகனைப் பெயர் சொல்லி அழைத்தபோது நடந்ததும் இதுவே. அழைப்பு குழந்தைக்கு, பொருள் ஊருக்கு. அக்குழந்தை ‘அவீ, இம்மீ’ என்று, நம் வழக்கில் சொன்னால் அப்பா, அம்மா என்று, கூப்பிடக் கற்குமுன் தமஸ்குவின் செல்வமும் சமாரியாவின் கொள்ளையும் அசீரிய அரசன் முன் கொண்டுசெல்லப்படும் என்று 8:4 சொல்கிறது. கி.மு. 732இல் மூன்றாம் திகிலாத்பிலேசர் தமஸ்குவைப் பிடித்தான். பத்தாண்டுகள் கழித்துச் சமாரியாவும் வீழ்ந்தது.

விரிச்சி தற்செயலாகக் கேட்பது, இப்பெயரோ கட்டளையால் இட்டது, ஆகவே பொருந்தாது என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். கேட்கத்தக்க மறுப்பு. இட்டவர் அறிந்தே இட்டார் என்பது உண்மை. கேட்டவர் நிலையிலிருந்து பார்த்தால், தெருவில் ஒருத்தி பிள்ளையைக் கூப்பிடும் குரல் தற்செயலாகத்தான் காதில் விழுகிறது. அந்த இரட்டை நிலையைத்தான் இச்சொல் காட்டுகிறது என்பேன். விரிச்சி நற்சொல்லையே குறிக்கும் என்ற மறுப்புக்கும் விடை உண்டு: தமஸ்குவின் வீழ்ச்சி, தமஸ்குவும் சமாரியாவும் சேர்ந்து இட்ட முற்றுகைக்கு அஞ்சி நடுங்கிய யூதாவுக்கு நற்சொல்லாகவே வந்தது. அது பின்னர் திரும்பியது. 10:6இல், அசீரியன் ‘சாலால்’ கவரவும் ‘பாஸ்’ கொள்ளவும் அனுப்பப்படுகிறான் என்று அதே இரு சொற்களும் மீண்டும் வருகின்றன; இம்முறை எருசலேமும் இலக்காகிறது. பெயரைக் கொண்டு ஆடிய சொல்விளையாட்டுகளில் இதையே மிக வலிமையானது என்று கருதுகிறேன்.

இச்சொல்லுக்கு எல்லையும் வேண்டும். ஓசியா தீர்க்கதரிசியின் பிள்ளைகளான லோருகாமா (‘இரக்கம் பெறாதவள்’), லோகம்மீ (‘என் மக்கள் அல்ல’) ஆகியோரின் பெயர்கள் இதனுள் அடங்கும். இக்கபோத் அடங்காது, தேவனுடைய பெட்டி பிடிபட்ட பிறகு, மகிமை போயிற்று என்று வருந்தி இட்ட பெயர் ஆதலால் அது நன்னூலார் சொல்லும் காரணப்பெயரே. நம் ஊர்களில் பெண் குழந்தைகளுக்கு இட்ட ‘போதும்பொண்ணு’ என்ற பெயரும் குழந்தையைப் பார்த்துப் பேசாமல் அடுத்த பிறப்பைப் பார்த்துப் பேசுகிறது. வாழ்நாள் முழுதும் அதைச் சுமக்கும் பெண்ணை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் அது வேண்டுதல், அறிவிப்பு அன்று. அதை ‘வேண்டுதற்பெயர்’ என்று தனியே பிரிக்கலாம்.

ஆகவே நம் கலைச்சொற் பட்டியலில் சேர்க்க நான் முன்மொழியும் பதிவு இது. விரிச்சிப்பெயர்: ஒருவருக்கு இட்ட பெயராக இருந்துகொண்டே, அவரைப் பற்றியன்றி, அவரை அழைக்கக் கேட்போருக்கு நேரவிருப்பதைப் பற்றிப் பேசும் பெயர்.

‘இஸ்ரவேல்’ என்ற ஒலியோடு நெருங்கி, முதலில் இரத்தப்பழியையும் பிறகு விதைப்பையும் குறிக்கும், ஓசியாவின் மூத்த மகன் பெயரான யெஸ்ரயேலை இதன் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாமா என்பதில் எபிரேயம் வாசிக்கும் நண்பர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.