நடுநிலை நாடு, நடுநிலைப் படை: ஒரே சொல் போதுமா?

இரா.:
வணக்கம். அயர்லாந்தின் ஐ.நா. அமைதிப் பணி பற்றிய பாடப்பகுதியை வெள்ளிக்குள் தமிழில் தரவேண்டும். ஓரிடத்தில் இடிக்கிறது. ராணுவக் கூட்டணி எதிலும் சேராததால் அயர்லாந்து 'நடுநிலை' நாடு. 1978இல் அது லெபனானுக்கு அனுப்பிய வீரர்கள் இருந்த ஐ.நா. படையும் 'நடுநிலை'. ஆனால் ஐ.நா. கோட்பாட்டில் இவை வேறுவேறு: நாட்டினது பக்கம் சேராமல் விலகி நிற்பது, படையினது தரப்பு பாராமல் நடப்பது. போர்நிறுத்தத்தை மீறுவது எத்தரப்பானாலும் படை தட்டிக்கேட்க வேண்டும். தற்காப்புக்கும், ஒப்படைத்த பணியைக் காக்கவும் ஆயுதம் எடுக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், படை கைகட்டி நிற்கவேண்டும் என்றே மாணவர் புரிந்துகொள்வார்.

செ.மு.:
பரிமேலழகர் வழி காட்டியிருக்கிறார். குறளின் 12ஆம் அதிகாரத்துக்கு உரை சொல்கையில், பகை, நொதுமல், நட்பு ஆகிய மூன்று பகுதியிலும் ஒப்ப நிற்பதே நடுவுநிலைமை என்கிறார். பகையும் நட்பும் இல்லாதது நொதுமல். அது உறவின் பெயர். நடுவுநிலைமை நடத்தையின் பெயர். ஆகவே நொதுமல் நாடு, நடுவுநிலைப் படை. சொல் நம்மிடமே இருக்கிறது, புதிதாக ஆக்கவேண்டியதில்லை.

க.:
அகப்பாட்டில் 'நொதுமலர் வரைவு' என்றால் அயலார் பெண்கேட்டு வருவது. நொதுமல் நாடு என்றால் 'நமக்கென்ன' என்றிருக்கும் நாடு என்று தொனிக்கும். 1960 நவம்பரில் காங்கோவின் நியெம்பாவில் ஒன்பது வீரரைப் பலிகொடுத்த நாட்டை அப்படிச் சொல்வதா? அகராதியைப் புரட்டாமல் எந்த மாணவருக்கு இது விளங்கும்? நாட்டுக்கு 'நடுநிலை' நிலைத்துவிட்டது. படைக்குப் 'பக்கச்சார்பின்மை' என்போம். இலங்கைச் செய்திகளில் அன்றாடம் வருவது.

செ.மு.:
பக்கம், வடமொழிப் 'பக்ஷம்' என்பதன் திரிபு.

த.வே.:
இல்லை. பகு, பக்கு, பக்கம். பகுதி, பகை, பங்கு எல்லாம் அவ்வேர்தான். 'பகுதியால் பாற்பட்டு' என்று 111ஆம் குறளே சொல்கிறது.

இலங்கைக்கென்றால் இன்னொன்று. அங்கே 'அமைதிப்படை' என்றால் 1987இல் வந்த இந்தியப் படைதான் நினைவுக்கு வரும். அந்த நினைவு ஆறாதது. பாடத்தில் 'ஐ.நா. அமைதிகாப்புப் படை' என்று முழுதாகவே எழுதுங்கள்.

இரா.:
ஏற்கிறேன். அடுத்த சிக்கல்: 12 பேருக்கு மேல் ஆயுதமேந்திய வீரரை வெளியே அனுப்ப அயர்லாந்துக்கு ஐ.நா. அனுமதி, அரசின் முடிவு, நாடாளுமன்றக் கீழவையின் ஒப்புதல் மூன்றும் வேண்டும். இதை 'மூன்று பூட்டு' என்கிறார்கள். முப்பூட்டு?

த.வே.:
மூன்று + பூட்டு = முப்பூட்டு, முக்கனி போல. ஆனால் ஏர் பூட்டுவதும் பூட்டுதானே. செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறைகளில் ஒன்றான பூட்டுவிற் பொருள்கோளில் அதன் முதலும் ஈறும் பிணைகின்றன. பிணைப்பு என்று படிக்க இடமுண்டு. திறப்பதைச் சொல்ல 'முத்திறவுகோல்' பொருந்தும். 'சாவி' போர்த்துகீசியம், வேண்டாம்.

க.:
யாழ்ப்பாணத்தில் திறவுகோலே 'திறப்பு'தான். 'முத்திறப்பு' என்றால் இங்கே மூன்று திறப்புவிழா ஆகிவிடும்! பூட்டே சரி, ஏனெனில் செய்தி தடையைப் பற்றியது. 1999இல் மாசிடோனியாவில் ஐ.நா. படையின் நீட்டிப்பைச் சீனா வீட்டோ செய்தது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கே படை அனுப்பியபோது ஐ.நா. தீர்மானம் இல்லாததால் அயர்லாந்து சேர முடியவில்லை. வெளியாள் கையில் ஒரு பூட்டு இருக்கிறது என்பதே அயர்லாந்தில் நடக்கும் வாதம்.

இரா.:
நடுநிலை நாடு, பக்கச்சார்பின்மை, முப்பூட்டு. மூன்றுக்கும் பெரும்பான்மை இருப்பதால் இப்படியே அனுப்புகிறேன். முப்பூட்டுக்கு முதல் இடத்தில் விளக்கம் சேர்க்கிறேன்.

செ.மு.:
அனுப்புங்கள். ஆனால் ஆஸ்திரியா 1955இல் நடுநிலையை அரசமைப்புச் சட்டமாகவே ஆக்கியது. அயர்லாந்துக்கு அது கொள்கை. அடுத்த பாடம் ஆஸ்திரியா என்றால் 'நடுநிலை' அங்கே மறுபடி இடிக்கும். நொதுமலை நான் கைவிடவில்லை.